அமெரிக்காவில் ஜப்பானியக் கெய் டிரக்கைப் பதிவு செய்யும் முறை

660 சிசி எஞ்சின் கொண்ட ஜப்பானியக் கெய் டிரக்கை, அதாவது ஜப்பானின் மிகச் சிறிய வகைச் சரக்கு வண்டியை, இறக்குமதி செய்ய விரும்புவோர், அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்குப் பெற, அது தயாரிக்கப்பட்டு 25 ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டனவா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். மாடல் ஆண்டு அல்ல, தயாரிப்பு மாதமே கணக்கில் கொள்ளப்படுவதால், ஒரு மாதம் முந்தி வந்திறங்கினாலும் வண்டி துறைமுகத்திலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். புகை விதிகளுக்கான விலக்கோ, மூல அமைப்பு மாறாத வண்டிக்கு 21 ஆண்டுகளிலேயே கிடைத்துவிடும். சுங்கத்தில் பாதுகாப்பு விதிகளுக்கான எச்எஸ்-7, புகை விதிகளுக்கான 3520-1 ஆகிய படிவங்களை நிரப்பித் தர வேண்டும்.

உண்மையான தலைவலி மாநிலத்தில்தான் தொடங்குகிறது. மத்திய அரசின் அனுமதி, சாலையில் ஓட்டும் உரிமையைத் தந்துவிடாது. டெக்சாஸ் 2024-இல் பதிவுக்கு வழிவிட்டது. வேறு சில மாநிலங்கள் வேகவரம்பு குறைந்த சாலைகளில் மட்டுமே அனுமதிக்கின்றன. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, வண்டியின் சேஸிஸ் எண் (வண்டியின் அடையாள எண்) அமெரிக்காவில் வழக்கமான 17 எழுத்து-இலக்கங்களைவிடக் குறுகியது என்பதையும் தெரிவித்து, மாநில மோட்டார் வாகனத் துறையிடம் எழுத்துமூலம் பதில் பெறுங்கள்.