பேட்டன்ட் தேட எந்த டேட்டாபேஸ்?

எந்த டேட்டாபேஸ் பெஸ்ட்னு கேக்குறதுக்கு முன்னாடி எதுக்காக தேடுறீங்கன்னு முடிவு பண்ணுங்க, ஏன்னா "என் ஐடியா புதுசா"ங்கறது ஒரு கேள்வி, "இதை இங்க தயாரிச்சு வித்தா யாராவது கேஸ் போடுவாங்களா"ங்கறது வேற கேள்வி, ரெண்டுக்கும் ஒரே இடத்துல பதில் தேடினா குழப்பம்தான்.

புதுசான்னு பாக்கணும்னா உலகம் முழுக்க தேடியாகணும். ஆரம்பிக்க கூகுள் பேட்டன்ட்ஸ் நல்லது, ஆனா அதோட நிறுத்திடாதீங்க. உதாரணத்துக்கு ஒரு புது மாதிரி இட்லி குக்கர்னு வைங்க, இட்லின்னு அடிச்சா நம்மூர்க்காரங்க எழுதினதுதான் பெரும்பாலும் வரும், அதே அமைப்ப ஒரு ஜப்பான்காரர் ஆவியில வேகவைக்கிற பாத்திரம்னு எழுதி எப்பவோ பேட்டன்ட் வாங்கியிருக்கலாம். அதனால கிட்டத்தட்ட உங்களது மாதிரி இருக்குற ரெண்டு மூணு பேட்டன்ட்ட திறந்து அதுல இருக்குற கிளாசிஃபிகேஷன் கோட, அதாவது கண்டுபிடிப்பு எந்த வகைன்னு காட்டுற குறியீட்ட பாருங்க. ஆவியில சமைக்கிற பாத்திரத்துக்கு ஏ47ஜே 27/04. இப்ப அந்த கோட எடுத்துட்டு எஸ்பாஸ்நெட் போங்க, ஐரோப்பிய பேட்டன்ட் ஆபீஸ் நடத்துறது, ஃப்ரீதான். எந்த மொழியில எழுதியிருந்தாலும் கோட் ஒண்ணுதான், அதே கண்டுபிடிப்பு வேற எந்தெந்த நாட்டுல ஃபைல் ஆகியிருக்குன்னும் அங்கயே தெரிஞ்சுடும்.

ரெண்டாவது கேள்விக்கு இன்பாஸ், நம்ம இந்திய பேட்டன்ட் ஆபீஸோடது. பேட்டன்ட் நாட்டுக்கு நாடு தனி, அமெரிக்காவுல மட்டும் வாங்கினத வச்சு இங்க தயாரிச்சு இங்கயே விக்கிறவங்கள தடுக்க முடியாது. பப்ளிஷ்டு (வெளியான அப்ளிகேஷன்), கிராண்டட் (கொடுத்த பேட்டன்ட்) ரெண்டையும் டிக் பண்ணித் தேடுங்க, அப்புறம் அந்த பேட்டன்ட் இன்னும் செல்லுமான்னு தெரிய ரினியூவல் ஃபீஸ் கட்டியிருக்காங்களா, 20 வருஷம் முடிஞ்சுதான்னு பாருங்க.

கெமிக்கல்னா வைப்போவோட (ஐ.நா.வோட அறிவுசார் சொத்து அமைப்பு) பேட்டன்ட்ஸ்கோப், ஃப்ரீயா அக்கவுன்ட் போட்டா மூலக்கூறு படத்த வரைஞ்சே தேடலாம்.

மூலிகை, மருந்துன்னா பேட்டன்ட் டேட்டாபேஸ் மட்டும் பத்தவே பத்தாது. காயம் ஆத்துற மஞ்சளுக்கு அமெரிக்காவுல 1995ல கொடுத்த பேட்டன்ட்ட நம்ம நாட்டு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் எதிர்த்து 1997ல ரத்து பண்ண வச்சது, அதுக்கு ஆதாரமா கொடுத்தது பழைய நூல்களும் மருத்துவ இதழ்ல வந்த கட்டுரையும்தான். அதனால ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் தேட முடியுற கூகுள் ஸ்காலர், தி லென்ஸ் ரெண்டுலயும் கட்டாயம் தேடுங்க.

இன்னொண்ணு, ஒரு அப்ளிகேஷன் ஃபைல் ஆகி சாதாரணமா 18 மாசம் கழிச்சுதான் பப்ளிஷ் ஆகும், அதுவரைக்கும் எந்த டேட்டாபேஸ்லயும் வராது. நீங்க ஃபைல் பண்ணிட்டு வெளிநாட்டுலயும் போடலாம்னா அதுக்கு 12 மாசம் டைம் இருக்கு, வெளிநாட்டு ஃபைலிங்குக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி அதே கோட்ல இன்னொரு தடவ தேடிடுங்க.