உணவுக்குழாய் புற்றுநோய்: சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவுக்குழாய் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் முதலில் சொல்வது, "கட்டியைத்தான் எடுத்தாச்சே, இனி நல்லா சாப்பிட்டு உடம்பைத் தேத்துங்க" என்பதுதான். அன்பில் வரும் பேச்சு அது. ஆனால் இந்த அறுவையில் கட்டியை மட்டும் எடுப்பதில்லை. ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாயில் பெரும்பகுதியையும் இரைப்பையின் மேல்பகுதியையும் எடுத்துவிட்டு, மிச்ச இரைப்பையை ஒரு குழாய்போல ஆக்கி, மார்புக்குள் மேலே கொண்டுவந்து நெஞ்சிலோ கழுத்திலோ இணைக்கிறார்கள். சாப்பாட்டைச் சேர்த்து வைத்து மெதுவாக இறக்கிவிட முன்போல ஒரு பை இனி இல்லை. உள்ளே போனது மேலே வராமல் தடுத்த வால்வும் இல்லை. இரைப்பையின் வேலையை ஒழுங்குபடுத்திய வேகஸ் நரம்பும் வெட்டுப்பட்டிருக்கும்.

இந்த அறுவையைக் கடந்து வந்தவன் நான். புதிதாக இந்த வழியில் வருகிறவர்களோடு தொடர்ந்து பேசி வருகிறேன். பழைய வயிற்றுக்கான பழக்கத்தை இந்தப் புது வயிற்றின் மேல் திணிப்பதுதான் அவர்களை அதிகம் வாட்டுகிறது. மருத்துவர் சில நிமிடங்களில் சொல்லிக் கொடுத்துவிடக் கூடிய பாடம் அல்ல இது. தினமும் தட்டின் முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள் சொன்னால் சீக்கிரம் புரியும்.

தட்டில் நடக்கும் தவறுகள்

முதல் தவறு, பசி எடுக்கட்டும் என்று காத்திருப்பது. இந்த அறுவைக்குப் பின் பலருக்கு மாதக்கணக்கில் பசியே தெரியாது. பசித்தால்தான் சாப்பிடுவேன் என்று இருந்தால் காலையில் ஒரு டம்ளர் பால், மதியம் இரண்டு வாய் சாதம் என்று நாள் ஓடிவிடும், எடை இறங்கிக்கொண்டே போகும். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவதே வழி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளைக்கு ஆறு முதல் எட்டு வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு சின்னக் கிண்ண அளவு.

அடுத்தது, "இன்னும் ஒரே ஒரு கரண்டி" என்று வீட்டார் கெஞ்சுவது. போதும் என்று தோன்றிய பிறகு உள்ளே போகும் அந்த ஒரு கரண்டி நெஞ்சில் பாரமாக உட்கார்ந்து, அடுத்த இரண்டு வேளைச் சாப்பாட்டையும் கெடுத்துவிடும். போதும் என்றால் தட்டை எடுத்துவிடுங்கள். அரை மணியோ ஒரு மணியோ கழித்துக் கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டின் நடுவே சொம்புத் தண்ணீர் குடிப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். இப்போது அது இரண்டு விதத்தில் கெடுதல். தண்ணீரே இடத்தை அடைத்துக்கொள்ளும். உணவையும் சேர்த்து வேகமாகச் சிறுகுடலுக்குள் தள்ளிவிடும். சாப்பிடுவதற்கு அரை மணி முன்னாலோ, முடித்து அரை மணி கழித்தோ குடிப்பது நல்லது. தொண்டை காய்ந்தால் சாப்பாட்டின்போது ஒன்றிரண்டு மிடறு போதும்.

உணவு இப்படி வேகமாகக் குடலில் இறங்குவதால் வரும் தொல்லைக்கு மருத்துவர்கள் 'டம்பிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். ஆளைத் தேற்ற வேண்டுமே என்று வெல்லம் தாராளமாகப் போட்டு ஒரு பெரிய டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்திருப்பார்கள். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடக்கும், முகம் வியர்க்கும், வயிற்றைப் பிசையும், கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும், பிறகு எழுந்து நிற்கத் தெம்பு இருக்காது. வீடே மாரடைப்பு என்று பதறும். சிலருக்கு இது ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். அப்போது ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டும். ஏன் என்று தெரியாததால் அந்த உணவையே நிறுத்திவிடுவார்கள். அடுத்து இன்னொன்றை நிறுத்துவார்கள். கடைசியில் மிஞ்சுவது ரசம் சாதம் மட்டும். கஞ்சி மேல் தப்பில்லை. அதிலிருந்த வெல்லமும், மொத்தமாக ஒரே மூச்சில் குடித்ததும்தான் காரணம். இனிப்பைக் குறைத்து, அளவைப் பாதியாக்கி, கூடவே ஒரு வெந்த முட்டையோ கொஞ்சம் பருப்போ சேர்த்தால் அதே கஞ்சி பலருக்கு ஒத்துக்கொள்ளும். முதல் முறை படபடப்பு வந்தால் மட்டும் டம்பிங்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால் எப்போதும் அவசரம்தான்.

கஞ்சியும் ஜூஸும் மட்டுமே கொடுத்து மாதங்களை ஓட்டுவதும் தவறு. புண் ஆறவும் தசை சேரவும் புரதம் வேண்டும். முள் நீக்கிய மீன், முட்டை, குழைய வெந்த பருப்பு, தயிர், அரைத்த கொத்துக்கறி என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். வாரம் ஒரு நாள், ஒரே எடைக்கருவியில் எடை பார்த்து எழுதி வையுங்கள். சட்டை தொளதொளப்பாகிறதே என்று சொல்வதைவிட அந்த நோட்டு மருத்துவருக்கு உதவும். பி12, இரும்புச்சத்து குறையவும் வாய்ப்புண்டு. ரத்தப் பரிசோதனை எப்போது என்று நீங்களே கேட்கலாம், தயங்க வேண்டாம்.

ஏற்கெனவே சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த அளவு, பத்துப் பதினைந்து கிலோ கூடுதலாக இருந்த பழைய உடம்புக்கு எழுதியது. எடையும் சாப்பாடும் குறைந்தபின் அதே மாத்திரையை அப்படியே போட்டால் மயங்கி விழ நேரலாம். அளவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது.

சாப்பிட்டதும் சாய்வது

தடுக்க வால்வு இல்லாததால், மட்டமாகப் படுத்தால் உள்ளே இருப்பது அப்படியே தொண்டைக்கு வரும். பித்தம் கசக்கும், தொண்டை எரியும், தூக்கத்தில் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவே வரலாம். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். தலைக்கு மட்டும் இரண்டு தலையணையை அடுக்குவது பயன் தராது. கழுத்து வளையும், வயிறு மடங்கும், எதுக்களிப்பு கூடும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டைகளை வைத்து உயர்த்துங்கள், அல்லது இடுப்பிலிருந்தே சரிவாக ஏறும் ஆப்பு வடிவத் தலையணை வாங்குங்கள். குனிந்து கோலம் போடுவது, செருப்பு வார் மாட்டுவது போன்றவையும் சாப்பிட்ட உடனே வேண்டாம்.

"நெஞ்சுல நிக்குது" என்றால்

நன்றாக இறங்கிக்கொண்டிருந்த இட்லி ஒரு நாள் நெஞ்சில் நிற்கும். அந்த நொடியில் நோயாளியின் மனதில் ஓடுவது ஒன்றே ஒன்று: திரும்ப வந்துவிட்டது. வெளியே சொல்ல மாட்டார். இட்லியை விட்டு இடியாப்பத்துக்குப் போவார், பிறகு கரைத்த சாதம், பிறகு பால். வீட்டில் கேட்டால் "வாய்க்குப் பிடிக்கலை" என்பார். இப்படியே இரண்டு மாதம் போய், எடை இறங்கி, கண்கள் குழிவிழுந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு தாங்குவதில்லை. ஏனென்றால், முதல் சில மாதங்களில் இப்படி அடைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் தையல் போட்ட இடம் தழும்பாகிச் சுருங்குவதுதான். வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி மூலம் அதை விரித்துவிடுவார்கள். பலர் அன்றே வீடு திரும்பிவிடலாம். மறுபடி சுருங்கலாம், திரும்பவும் விரிக்க வேண்டியிருக்கலாம். அப்படி நடந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளில்லை. நோய் திரும்பியிருக்கவும் கூடும் என்பது உண்மையே. அப்படி இருந்தாலும் சீக்கிரம் தெரிந்துகொள்வதுதான் நல்லது. சொந்த எச்சிலையே விழுங்க முடியாவிட்டால், மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வயிற்றில் உணவு செலுத்தும் குழல் வைத்து அனுப்பியிருந்தால் ஒவ்வொரு முறையும் ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் வெதுவெதுப்பான நீர் செலுத்திக் கழுவ வேண்டும். பொடித்த மாத்திரை, வடிகட்டாத கூழ் எல்லாம் குழலை அடைத்துவிடும். குழல் கழன்று விழுந்துவிட்டால் "திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்று இருக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கிவிடும்.

புகை, மது, வெற்றிலையோடு போடும் பாக்கும் புகையிலையும் பற்றி ஒரே வரி: அளவோடு என்ற பேச்சே கிடையாது, முழுதாக விட வேண்டும். உணவுக்குழாயைக் கெடுத்த அதே பொருள் வாயையும் தொண்டையையும் அத்தனை வருடம் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

நோயாளியிடமே மறைப்பது

நம் வீடுகளில் இது அதிகம். "அவருக்கு அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம், நீங்க எதுவும் உளறிடாதீங்க" என்று மகன்கள் ஓரமாக இழுத்துப் போய்ச் சொல்வார்கள். கதிர்வீச்சு அறையின் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு எது அல்சர், எது இல்லை என்று தெரியாமலா இருக்கும்? அவருக்கும் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் அவரும் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். இரண்டு பக்கமும் தனித்தனியாக அழுவார்கள். அதைவிட மோசம், வலி, அடைப்பு, பயம் எதையும் அவர் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போய்விடும். தன்னைப் போன்ற இன்னொருவரோடு உட்கார்ந்து பேசவும் வழியிருக்காது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். அவர் கேட்பதற்குப் பொய் சொல்லாமல் பதில் சொன்னால் போதும்.

இது தொற்று நோயும் இல்லை. தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஒருவருக்கொருவர் துணை நிற்கும்போது

பிரிட்டனில் இதே அறுவையைக் கடந்த சிலர் சேர்ந்து 1985-இல் உணவுக்குழாய் நோயாளிகளுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். முன்பே கடந்து வந்தவர், புதிதாக வருபவரோடு பேசுவதுதான் அதன் அடிப்படை. இங்கே அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா நினைவு மருத்துவமனையிலோ வெளிநோயாளர் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள், "உங்களுக்கு எத்தனை கீமோ? சோறு இறங்குதா?" என்று அந்தப் பேச்சு தானாகவே தொடங்கும். போன் நம்பர் மாறும், வாட்ஸ்அப் குழு உருவாகும். அது பெரும் பலம். அதிலும் சில தவறுகள் நேர்கின்றன.

ஒன்று, மருத்துவராக மாறிவிடுவது. எனக்கு இந்த மாத்திரை கேட்டது, நீங்களும் வாங்கிப் போடுங்கள் என்று சொல்லக்கூடாது. ஒருவருக்குக் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துப் பிறகு அறுவை செய்திருப்பார்கள். இன்னொருவருக்கு அறுவையே இல்லாமல் கதிர்வீச்சோடு முடிந்திருக்கும். வேறொருவருக்குச் சாப்பாடு இறங்குவதற்காக, அடைத்த இடத்தை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் மட்டும் வைத்திருப்பார்கள். ஸ்டென்ட் வைத்தவருக்குச் சாப்பாட்டின் இடையிடையே தண்ணீர் குடித்து வழியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அறுவை செய்தவருக்குச் சொன்ன விதிக்கு நேர் எதிர் அது. எந்த விதி யாருக்கு என்று தெரியாமல் குழுவில் போட்டால் இன்னொருவருக்கு ஆபத்து. முள்சீத்தா, கருஞ்சீரகம் என்று வரும் பார்வேர்டுகளை நம்பிக் கீமோவைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. அத்தகைய செய்தியைக் குழுவில் அனுமதிக்காமல் இருப்பது நிர்வாகியின் கடமை.

இரண்டாவது, "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, என்னைப் பாருங்க" என்பது. நாம் தெம்பு கொடுப்பதாக நினைப்போம். நோய் பரவி, குணமாகாது என்று தெரிந்தவருக்கு அந்த வார்த்தைக்குப் பிறகு பேச எதுவும் மிஞ்சாது. நலமானவர்களின் கதை மட்டுமே ஓடும் குழுவில் அவர் மெல்ல மெல்ல வாய் மூடிவிடுவார். "நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டால் அவருக்குப் பதில் சொல்ல இடம் கிடைக்கும்.

மூன்றாவது, கவனித்துக்கொள்பவர்களை மறந்துவிடுவது. நாளைக்கு எட்டு வேளை சமைத்து, குழல் கழுவி, இரவில் இருமல் சத்தம் கேட்டு எழுந்து, காலையில் வேலைக்கும் போகிற மனைவிக்கோ மகளுக்கோ யார் துணை? நோயாளி முன்னால் அவர்களால் மனம் விட்டுப் பேச முடியாது. அவர்களுக்கென்று தனியாக ஒரு குழு வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு என்னென்ன காகிதம் எடுத்துப் போக வேண்டும், சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் உள்ள சலுகையை எந்தப் படிவத்தில் மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குழுவில்தான் கைமாறும். மதியம் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்து நோயாளியோடு உட்கார்ந்தால் தான் கொஞ்சம் தூங்கலாமே என்று ஒரு பெண் கூச்சப்படாமல் கேட்கவும் அங்கேதான் முடியும்.