கடல் சார்ந்த பட்டப்படிப்பு எந்தத் துறையில் சேரும்? வகைப்படுத்தும் முறை, படிப்படியாக

மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை ஆகிய ஊர்களில் பிளஸ் டூ முடித்தவர்களில் பலர் "கடல் சம்பந்தமான படிப்பு" என்று பொதுவாகச் சொல்வதுண்டு. கல்வித் துறைகளை வகைப்படுத்தும் யுனெஸ்கோ அட்டவணையில் அப்படி ஒரு துறையே இல்லை. கடல்வாழ் உயிரினங்களைப் படிப்பவரும், நீரோட்டங்களை அளப்பவரும், இறால் வளர்ப்பவரும், கப்பல் செலுத்தக் கற்பவரும் அதில் வெவ்வேறு இடங்களில் இருக்கிறார்கள். ஒரு படிப்பின் இடத்தை நீங்களே கண்டறியும் முறை கீழே உள்ளது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கும்போது துறைக் குறியீடு கேட்கப்பட்டால் இது உடனே பயன்படும்.

படி 1: நிலையையும் துறையையும் பிரித்துக்கொள்ளுங்கள்

பி.எஸ்சி., எம்.எஸ்சி., பிஎச்.டி. என்பவை படிப்பின் நிலையைக் காட்டுபவை. துறையைக் காட்டுபவை அல்ல. யுனெஸ்கோ வகைப்பாட்டில் இளநிலைப் பட்டம் 6, முதுநிலை 7, முனைவர் பட்டம் 8 என்று நிலைகளுக்குத் தனி எண்கள் உண்டு. விலங்கியலில் இளநிலை படித்தவருக்கும் அதே பாடத்தில் முனைவர் பட்டம் பெற்றவருக்கும் துறைக் குறியீடு ஒன்றுதான்.

படி 2: பெரும்பிரிவைத் தேடுங்கள்

துறைகளுக்கு யுனெஸ்கோ 2013-இல் ஏற்றுக்கொண்ட வகைப்பாடு ஐஸ்கெட்-எஃப் (ISCED-F) எனப்படுகிறது. அதில் 00 முதல் 10 வரை பதினொரு பெரும்பிரிவுகள் உள்ளன. 00 என்பது எழுத்தறிவு போன்ற பொதுப் பயிற்சிகளுக்கானது என்பதால் பட்டப்படிப்பைத் தேடும்போது பெரும்பாலும் அதை விட்டுவிடலாம். மற்றவை: கல்வியியல் 01, கலையும் மொழி, வரலாறு போன்ற மானுடப் புலங்களும் 02, சமூக அறிவியலும் இதழியலும் 03, வணிகம், நிர்வாகம், சட்டம் 04, இயற்கை அறிவியலும் கணிதமும் 05, தகவல் தொழில்நுட்பம் 06, பொறியியலும் உற்பத்தியும் கட்டுமானமும் 07, வேளாண்மை, வனம், மீன்வளம், கால்நடை மருத்துவம் 08, உடல்நலமும் சமூகநலமும் 09, சேவைகள் 10.

நம் ஊரில் பழகிப்போன "ஆர்ட்ஸ், சயின்ஸ், இன்ஜினீயரிங், மெடிக்கல்" என்ற நான்கு பெட்டிகளை இங்கே மறந்துவிடுவது நல்லது. அந்தப் பழக்கத்தோடு வந்தால் மீன்வளப் படிப்பை அறிவியலிலும் கப்பல் செலுத்தும் படிப்பைப் பொறியியலிலும் தேடிக்கொண்டிருப்பீர்கள். முதலாவது 08-இலும் இரண்டாவது 10-இலும் இருக்கின்றன.

படி 3: நான்கு இலக்கம் வரை இறங்குங்கள்

குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பிரிவையும், மூன்றாவது இலக்கம் உட்பிரிவையும், நான்காவது நுண்பிரிவையும் காட்டுகின்றன. நம் கடற்கரையையே வைத்துப் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளில் வாழும் உயிரினங்களைப் பற்றிய படிப்பு உயிரியல் ஆகையால் 0511. கடலியல், வானிலையியல், நிலவியல் ஆகியவை புவி அறிவியல் என்ற 0532-இல் சேரும். வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா போன்றவற்றைப் பராமரிக்கக் கற்பிக்கும் படிப்பு 0522. மீன் வளர்ப்பும் மீன்பிடிப்பும் 0831. பிடித்த மீனைப் பதப்படுத்தி உணவாக்கும் தொழில்நுட்பம் உணவு பதப்படுத்தலுக்குரிய 0721. கப்பல் கட்டுதல் 0716. கப்பல் செலுத்துதல் போக்குவரத்துச் சேவையாகிய 1041. வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே அழகன்குளத்தில் நடந்த அகழாய்வு போன்ற பணிகளுக்கு ஆயத்தப்படுத்தும் தொல்லியல் படிப்புக்கு, வரலாற்றோடு சேர்த்து, 0222.

படி 4: பெயரை விட்டுப் பாடத்திட்டத்தை எண்ணுங்கள்

இந்த முறையின் உயிர்நாடி இதுதான். பட்டத்தின் பெயரோ, துறைத் தலைவரின் அறைக்கு வெளியே தொங்கும் பலகையோ, படித்தவர் பின்னர் பார்க்கும் வேலையோ துறையை முடிவு செய்வதில்லை. மாணவரின் கற்றல் நேரத்தில் பாதிக்கு மேல் எந்தப் பாடப்பொருளுக்குச் செலவாகிறதோ அதுவே துறை. விலங்கியல் படித்துவிட்டு மீன்வளத் துறையில் அதிகாரியானவரின் படிப்பு 0511-ஆகவே இருக்கும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் பி.எஃப்.எஸ்சி. போன்ற மீன்வள அறிவியல் படிப்போடு பி.டெக். படிப்புகளும் நடக்கின்றன, "மீன்வளம்", "பொறியியல்" என்ற இரண்டு சொற்களும் ஒரே பெயரில் வரும்போது பருவ வாரியான பாடப்பட்டியலைப் பார்த்தால்தான் அது 07-ஆ 08-ஆ என்று சொல்ல முடியும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் அலகுகளான கிரெடிட்டுகளைக் கூட்டிப் பார்ப்பதே எளிய வழி. 120 கிரெடிட் கொண்ட கற்பனைப் படிப்பு ஒன்றில் கடல் உயிரியலுக்கு 66 கிரெடிட் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, 0511. உயிரியல் 36, கடலியல் 34, மீன் வளர்ப்பு 30, மொழிப்பாடங்கள் 20 என்று சிதறியிருந்தால் நுண்பிரிவு எதுவும் பாதியைத் தாண்டவில்லை. அப்போது மேலே ஏறிப் பெரும்பிரிவு வாரியாகக் கூட்ட வேண்டும்: 05-க்கு 70, 08-க்கு 30, 02-க்கு 20. ஆகவே பெரும்பிரிவு 05 என்பது உறுதி. அதற்குள் உயிரியலும் கடலியலும் ஏறக்குறைய சமமாக நிற்பதால் பல்துறைப் படிப்புக்குரிய 88-ஐச் சேர்த்து 0588 என்று எழுதுவது பொருத்தம்.

குழப்பம் வந்த இடமெல்லாம் 88-ஐப் போட்டுவிடுவது சோம்பல் என்றே நான் கருதுகிறேன். கூட்டிப் பார்த்த பிறகே அந்த எண்ணுக்கு உரிமை உண்டு. பாடத்திட்டம் தெளிவாக இருந்தும் அதற்கென நுண்பிரிவு இல்லையென்றால் கடைசி இலக்கம் 9. பாடத்திட்ட விவரமே போதவில்லையென்றால் 0.

படி 5: ஆசிரியப் பயிற்சியைத் தனியே வையுங்கள்

கணிதத்தைப் பாடமாக எடுத்துப் பி.எட். முடித்தவரின் அந்தப் பட்டம் கணிதத்தில் சேராது. பாடச் சிறப்புடன் கூடிய ஆசிரியப் பயிற்சியாகிய 0114-இல் சேரும்.

படி 6: இந்திய ஏற்பாட்டோடு ஒப்பிடுங்கள்

இங்கே எந்தப் பட்டப்பெயர்களை வழங்கலாம் என்பதை 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி பல்கலைக்கழக மானியக் குழு குறிப்பிடுகிறது. தொழிற்கல்விப் படிப்புகளுக்கோ பொறியியல், மருத்துவம், சட்டம் என்று தனித்தனி ஒழுங்குமுறை அமைப்புகள் இருக்கின்றன. நடைமுறையில் நம்மிடம் உள்ள பிரிவினை, பாடப்பொருளைக் காட்டிலும் யார் ஒப்புதல் தருகிறார் என்பதையே அதிகம் பின்பற்றுகிறது. ஆகவே கல்லூரியின் துறைப் பெயரை அப்படியே குறியீடாக மாற்ற முயலாதீர்கள். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் மற்றும் கடலோரப் பகுதி ஆய்வுத் துறை இருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்ததும் 0532 என்று எழுதத் தோன்றினாலும், அங்கு நடக்கும் ஒவ்வொரு படிப்பையும் படி 4-இன்படி தனித்தனியே எண்ணியாக வேண்டும்.

படி 7: ஒரே வரியில் எழுதுங்கள்

விண்ணப்பத்தில் முதலில் நிலை, பிறகு குறியீடு, அதன்பின் துறையின் பெயர் என்ற வரிசையில் எழுதினால் போதும்: "நிலை 6, 0831, மீன்வளம்". ஐரோப்பாவின் எராஸ்மஸ் பிளஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இந்த நான்கிலக்க எண்கள் அப்படியே செல்லும். அமெரிக்காவில் 1980 முதல் சி.ஐ.பி. (CIP) என்ற வேறொரு வகைப்பாடு நடப்பில் உள்ளது. அதன் முழுக் குறியீடு ஆறு இலக்கம் என்பதால், அந்நாட்டு விண்ணப்பம் கேட்கும் எண்ணை 2020 பதிப்பு அட்டவணையில் தனியாகத் தேடி எடுக்க வேண்டும்.