குதிரைக்கு நீர் பிரியவில்லையா? ஊசி போடுவதற்கு முன்னால்

மேலூர், சிவகங்கைப் பக்கம் பந்தயக் குதிரை வைத்திருப்பவர்களாக இருக்கட்டும், மதுரைக்குள் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்புகிறவர்களாக இருக்கட்டும், குதிரை முன்னங்காலை முன்னே தள்ளிப் பின்னங்காலைப் பின்னே நீட்டி நின்று முக்கினால் சொல்வது ஒன்றுதான்: "நீர்க்கட்டு." அடுத்த பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் நீர் போகிற ஊசியோடு வந்து நிற்பார். இந்தப் பழக்கத்தால் பிழைக்க வேண்டிய குதிரைகள் செத்துப்போகின்றன. அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

அப்படி நீட்டி நிற்கும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இருப்பது குடல் வலி, அதாவது சூலை. குடல் வலியிலும் குதிரை அதே மாதிரிதான் நிற்கும். வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்றுவது அந்த நேரத்தில் வலிக்கும் என்பதால் நீரை அடக்கிக்கொள்ளும். மருத்துவர் வலிக்கு மருந்து கொடுத்ததும் சளசளவென்று நீர் விடும். நீர் விட்டதால்தான் வலி போனது என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் வலி குறைந்ததால் நீர் விட்டது.

எனவே முதலில் பார்க்க வேண்டியவை வேறு. கடைசியாக எப்போது சாணம் போட்டது? விலாவில் காதை வைத்தால் குடல் ஓடும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்கிறதா? தாடை எலும்பின் அடியில் விரலை வைத்து நாடியை எண்ணுங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60 தாண்டிவிட்டால் நேரத்தைக் கடத்தாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நீர் போகிற ஊசி என்பது பெரும்பாலும் ஃபுரோசமைடு. குடல் வலியில் ஏற்கெனவே உடம்பில் தண்ணீர் வற்றிக் கிடக்கும் குதிரைக்கு அதைப் போட்டால் மிச்சம் இருக்கும் நீரும் உப்பும் வெளியே போகும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் இன்னும் குறையும். உண்மையிலேயே கல் அடைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். வழி மூடியிருக்கும்போது பின்னாலிருந்து நீரைப் பெருக்கிவிட்டால் சிறுநீர்ப்பை கிழியலாம். இரண்டில் எதுவாக இருந்தாலும் இந்த ஊசிக்கு அங்கே வேலை இல்லை.

அடுத்த குழப்பம் நிறத்தில். மாட்டின் நீரையும் மனிதனின் நீரையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குதிரையின் நீர் நோய் பிடித்தது போலத் தெரியும். கலங்கலாக இருக்கும், கொஞ்சம் கொழகொழப்பாகவும் இருக்கும். கடைசியில் வருவது இன்னும் வெளுத்து, கெட்டியாக வரும். இது சீழும் இல்லை, தாது போவதும் இல்லை. தீவனத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் குதிரையின் குடல் நிறையவே உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சியதைச் சிறுநீரகம் கால்சியம் கார்பனேட் துகளாக வெளியே தள்ளும். கொழகொழப்பு சிறுநீரகத்திலேயே சுரக்கும் சளி. சிமெண்டுத் தரையில் காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. விட்ட நீர் தரையில் கிடந்து கொஞ்ச நேரம் கழித்துச் செம்பழுப்பாக மாறுவதும் காற்றுப்பட்டு நடக்கிற மாற்றம்தான். நிறத்தைத் தரையில் பார்க்காதீர்கள். விடும்போதே ஒரு வெள்ளை மக்கில் பிடித்துப் பாருங்கள்.

பிடிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெறும் சிமெண்டுத் தரையில் நீர் காலில் தெறிக்கும் என்பதால் பல குதிரைகள் அடக்கிக்கொண்டே நிற்கும். வெளியே போய்விட்டு வந்ததும் புது வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, அதன்மேல் நிறுத்திச் சீட்டி அடித்தால் பெரும்பாலும் விட்டுவிடும். முதலில் வருவதைப் போக விட்டு நடுவில் வருவதைச் சுத்தமான பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் ஐஸில் வைக்க வேண்டும். மதுரை வெயிலில் வண்டியின் முன்பக்கம் மதியம் வரை கிடந்த நீரில் கிருமி பெருகியிருக்கும். அதை வைத்து வரும் அறிக்கையை நம்பி மருந்து கொடுப்பது வீண். இன்னொன்று, மயக்கத்துக்குச் சைலசின் ஊசி போட்ட பிறகு பிடிக்கும் நீரையும் கணக்கில் எடுக்கக் கூடாது. அந்த மருந்தே நீரைப் பெருக்கி நீர்க்கச் செய்யும், சர்க்கரையையும் காட்டும். ஊசிக்கு முன்பே பிடித்துவிடுங்கள்.

சரி, பிடித்த நீர் உண்மையிலேயே சிவப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால்? "கல்லு" என்று உடனே பெயர் வைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. சிவப்புக்குக் குறைந்தது மூன்று காரணம் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலாவது தசைச் சிதைவு. இதைப் பந்தயக் குதிரைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நாலைந்து நாள் லாயத்திலேயே கட்டிப்போட்டு, கொள்ளும் தானியமும் மட்டும் வழக்கம்போலக் குறையாமல் வைத்திருப்பார்கள். அப்புறம் ஒரு காலையில் வண்டியில் பூட்டி ஓட்டுவார்கள். கால் மணி நேரத்துக்குள் நடை இறுகும், வியர்த்துக் கொட்டும், பிறகு நகரவே மறுக்கும். புட்டத்தில் கை வைத்தால் பலகை மாதிரி இருக்கும், தொட்டாலே குதிரை கூசும். நீர் கடுங்காப்பி நிறத்தில் வரும். அது ரத்தம் இல்லை, சிதைந்த தசையிலிருந்து வரும் மையோகுளோபின். இங்கே பழுதுபடுவது முதலில் தசை, சிறுநீரகம் அடுத்தது. "நடத்தினால் சரியாகிவிடும்" என்று நடத்துவது மிகப் பெரிய தவறு. ஒவ்வொரு அடிக்கும் இன்னும் தசை சிதைந்து, அந்த நிறமி சிறுநீரகத்தில் போய் இறங்கும். நின்ற இடத்திலேயே நிறுத்துங்கள், நிழல் போடுங்கள், குடிக்கத் தண்ணீர் வையுங்கள், மருத்துவரை அங்கேயே வரவழையுங்கள். இந்தக் குதிரையைக் காப்பாற்றுவது நரம்பு வழியாக ஏற்றும் திரவம்தான்.

இரண்டாவது, உண்ணி மூலம் வரும் பைரோபிளாஸ்மா காய்ச்சல். ரத்த அணு உடைந்து அதிலிருக்கும் சிவப்பு நிறமி நீரில் இறங்கும். ஈறும் கண்ணும் மஞ்சளாகவோ வெளிறியோ இருக்கும், காய்ச்சல் இருக்கும். ரத்தப் பூச்சை (கண்ணாடியில் தடவிய ரத்தத்துளியை) நுண்ணோக்கியில் பார்க்காமல் இதற்கு மருந்து போடக் கூடாது. இதற்குக் கொடுக்கும் இமிடோகார்ப் மருந்தே சிறுநீரகத்துக்குக் கடினமானது, அளவு தப்பக் கூடாது.

மூன்றாவதுதான் உண்மையான ரத்தம். நீர் விட ஆரம்பிக்கும்போது ரத்தம் வந்தால் கோளாறு குறியின் முன்பகுதியில் இருக்கலாம், முடியும்போது வந்தால் சிறுநீர்ப்பையிலோ பையின் வாயிலோ. முழுக்கவே சிவப்பாக வந்தால் பை, சிறுநீரகம் இரண்டையும் பார்க்க வேண்டும். கண்ணாடி டம்ளரில் அசையாமல் சில மணி நேரம் வைத்தால் ரத்த அணு அடியில் படியும், மற்ற இரண்டும் படியாது. மருந்துக்கடையில் வாங்கி நீரில் நனைத்துப் பார்க்கும் நிறப்பட்டை மூன்றுக்கும் ஒரே மாதிரிதான் நிறம் மாறும். அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

பையில் கல் இருக்கும் குதிரையை ஒரு விஷயம் காட்டிக்கொடுக்கும்: ஓடிவிட்டு வந்த பிறகு ரத்தம் வரும், ஓய்வில் இருந்தால் வராது. ஆண் குதிரைக்கு, அதிலும் காயடித்ததற்கு, இது அதிகம். பெண் குதிரைக்கு நீர்வழி குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் சிறு கல் தானே போய்விடும். மலக்குடல் வழியாகக் கைவிட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும், ஸ்கேன் அதை உறுதிப்படுத்தும்.

இந்த இடத்தில்தான் வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் நெருஞ்சில் தண்ணீரும் வரும். மனிதர்களுக்குக் கொடுத்துப் பழகியதைக் குதிரைக்கும் கொடுக்கிறார்கள். அக்கறையில் செய்வதுதான், ஆனால் மனிதனுக்கு வரும் கல் பெரும்பாலும் ஆக்சலேட். குதிரைக்கு வருவது கார்பனேட் கல், முட்டை அளவுக்குக்கூட வளரும். சாறு குடித்து அது கரையாது. அதைவிட ஆபத்து, தலையைத் தூக்கிப் பிடித்துப் பாட்டிலால் ஊற்றுவது. புரையேறினால் சாறு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். கல்லை எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்த பிறகு மறுபடி வராமல் இருக்கக் சுண்ணாம்புச் சத்து நிறைந்த குதிரைமசாலை (லூசர்ன்) குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். நாளுக்கு 50 முதல் 75 கிராம் சாதாரண உப்பைத் தீவனத்தில் கலந்தால் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கும்.

தண்ணீரைப் பற்றி நம் ஊரில் யாரும் கணக்கு வைப்பதில்லை. 400 கிலோ எடையுள்ள குதிரை வேலை இல்லாத நாளிலேயே 20 லிட்டருக்கு மேல் குடிக்கும். சித்திரை வெயிலில் ஓடினால் அதைப்போல இரண்டு மடங்கு கூடத் தேவைப்படும். போர்த் தண்ணீர் உப்புக் கரித்தால் சில குதிரைகள் குறைத்துக்கொள்ளும். வாளியில் அளந்து வைத்தால்தான் இது தெரியும்.

சிறுநீரகம் கெடுவதற்கு நாமே காரணமாக இருப்பது வலி மாத்திரையில். பந்தயத்துக்கு முன்னும் பின்னும் ஃபினைல்பியூட்டசோன், அதோடு ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, இதெல்லாம் தண்ணீர் சரியாகக் குடிக்காத குதிரைக்கு. தண்ணீர் வற்றிய உடம்பில் இந்த இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத் திசு அழுகும். வெளியே ஒன்றும் தெரியாது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுவதே சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை போன பிறகுதான். "போன மாசம் ரத்தம் பார்த்தோம், நார்மல்" என்பதை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம் மாத்திரை போடாதீர்கள். உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தும் நீர் தெளிவாக, நீர்த்து வந்தால், கிரியேட்டினின் என்ன சொன்னாலும் சந்தேகப்பட வேண்டும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை யாராவது கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததால் கால்நடைக்கு அது 2006-லேயே தடை செய்யப்பட்டது.

கிருமித் தொற்று குதிரைக்குத் தானாக வருவது குறைவு. கல், பை செயலிழப்பு என்று ஏதாவது அடியில் இருக்கும். அதைத் தேடாமல் மூன்று நாள் ஆன்டிபயாடிக் போட்டு நிறுத்தினால் திரும்ப வரும். மருந்துக்கு முன்பே நீரைக் கிருமி வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும். பையில் தொற்று என்றால் குறைந்தது ஒரு வாரம், சிறுநீரகம் வரை போயிருந்தால் பல வாரம்.

சொட்டுச் சொட்டாக நீர் ஒழுகிப் பின்தொடை வெந்துபோன குதிரையைப் பார்த்தால், தீவனத்தைக் கேளுங்கள். உசிலம்பட்டி, திருமங்கலம் மானாவாரியில் பச்சைச் சோளம் எளிதாகக் கிடைக்கும். இளம் சோளமும் அறுத்த பின் துளிர்ப்பதும் மாட்டை உடனே கொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். குதிரையில் அது வாரக்கணக்கில் மெதுவாக நரம்பைத் தாக்கும். பின்னங்கால் தள்ளாடும், சிறுநீர்ப்பை இயங்காமல் அடியில் சுண்ணாம்புத் துகள் மண்டியாகத் தேங்கும். நரம்பு கெட்ட பிறகு திரும்புவது அரிது. பச்சைச் சோளத்தை நிறுத்துங்கள். நன்றாகக் காய்ந்த தட்டையில் இந்தப் பயம் மிகக் குறைவு.

பெண் குதிரை வாலைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி நீர் விட்டால் பருவத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கு வைத்தியம் தேவையில்லை.

பிறந்த குட்டி விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. இரண்டு மூன்று நாள் குட்டி முக்கினால் மலச்சிக்கல் என்று எனிமா கொடுத்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். மலத்துக்கு முக்கும் குட்டி முதுகை வளைத்துத் தூக்கும், நீருக்கு முக்கும் குட்டி முதுகைத் தாழ்த்திக் காலை நீட்டும். நீருக்கு முக்குகிறது, வயிறு நாளுக்கு நாள் உப்புகிறது, பால் குடிப்பது குறைகிறது என்றால் பை கிழிந்து நீர் வயிற்றுக்குள் போகிறது. ஆண் குட்டிக்கு இது அதிகம். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள். திருநெல்வேலி, தேனி மாதிரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போக வேண்டி வந்தால், புறப்படும் முன் உள்ளூர் மருத்துவரைக் கொண்டு ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். ஏறியிருக்கும் பொட்டாசியத்தை இறக்காமல் அறுவைக்கு மயக்கம் கொடுத்தால் மேசையிலேயே இதயம் நின்றுவிடும்.