ஊர் பேங்க் கணக்கைக் கேட்காதவரிடம் வரி வேலையைக் கொடுக்காதீர்கள்

லீவில் காட்பாடி வந்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பையன் அடுத்த மாதம் அமெரிக்காவில் டல்லாஸ் போகிறான். குக்கர் எடுத்துப் போகலாமா, பருப்புப் பொடியை ஏர்போர்ட்டில் விடுவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தவன், நேற்று சாயங்காலம் வேறு ஒன்று கேட்டான். "அண்ணா, அங்க டாக்ஸ் நாமளே போட்டுக்கலாமா, இல்ல யார்கிட்டயாவது கொடுக்கணுமா?" குக்கருக்கு ஒரு வரியில் பதில் சொன்னேன். இதற்குப் பேசி முடிக்க இரவு பத்து மணி ஆகிவிட்டது. அவனைப் போல நம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து கிளம்புகிற எல்லோருக்கும் அதையே எழுதி வைக்கிறேன்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஃபார்ம் 16-ஐ ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டு வந்தால் போதும். அவருக்கு நம் குடும்பமே தெரியும். வீட்டுக் கடன் யார் பெயரில், எந்த பாலிசிக்கு எப்போது பணம் கட்டினோம் என்று நாம் சொல்லாமலே எழுதிக்கொள்வார். அங்கே உங்களைத் தெரிந்தவர் யாரும் கிடையாது. நீங்கள் சொன்னது மட்டும்தான் ஃபார்மில் ஏறும். இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க மூன்று வருடம் ஆனது.

ஆபீஸ் நடைமுறையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 31-க்குள் கம்பெனி டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்றைக் கொடுத்துவிடும். ஏப்ரல் 15-க்குள் ரிட்டர்ன் போட வேண்டும். 4868 ஃபார்ம் போட்டால் அக்டோபர் 15 வரை தள்ளலாம். ஆனால் தள்ளுவது ஃபார்மை மட்டும்தான், வரிப் பணத்தை ஏப்ரலிலேயே கட்டியாக வேண்டும். மாநில வரி தனி. டல்லாஸ் இருக்கிற டெக்சாஸில் சம்பளத்துக்கு மாநில வரி இல்லை என்பதால் எங்கள் பையனுக்கு ஒரு வேலை மிச்சம்.

எச்-1பி வேலை விசாவில் அக்டோபரில் போய் இறங்குகிறவர், வரிக் கணக்கில் குடியிருப்பாளர் ஆவதற்கு வேண்டிய 183 நாள் அந்த வருடம் இருந்திருக்க மாட்டார். ஆகவே பெரும்பாலும் அந்த வருடத்துக்கு 1040-என்ஆர், அதாவது குடியிருப்பாளர் அல்லாதவருக்கான ஃபார்ம். எஃப்-1 மாணவர் விசாவில் போகிற விஐடி பிள்ளைகளுக்கும் முதல் ஐந்து காலண்டர் வருடம் அதுதான். வருமானமே இல்லாவிட்டாலும் 8843 ஃபார்ம் அனுப்ப வேண்டும். இந்திய மாணவர்களுக்கு மட்டும் இரு நாட்டு ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவில் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். கிரீன் கார்டோடு போகிற நர்ஸ்கள் போய் இறங்கிய நாளிலிருந்தே குடியிருப்பாளர் கணக்கு. இனிமேல் சொல்லப்போவது அவர்களுக்கு முதல் வருடமே பொருந்தும்.

இப்போது என் கதை. 2018 ஜனவரியில் போனேன். சென்னையில் ஏழு வருடம் வேலை பார்த்துச் சேர்த்த 12 லட்சம் ரூபாய் என் பெயரில் எஃப்.டி.யாகக் கிடந்தது. அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதி ரிடையர் ஆனவர். அவருடைய சேமிப்புக் கணக்கில் என் பெயரையும் சேர்த்திருந்தார். "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீ அலையக் கூடாது" என்பார். நம் ஊரில் எந்த வீட்டில் இது இல்லை?

ஜனவரி பிறந்தால் அங்கே நம் ஆட்களுக்கு வரி போட்டுத் தருவதாக போன் மேல் போன் வரும். அப்படி வந்த ஒருவரிடம் கொடுத்தேன். கட்டணம் 80 டாலர். டபிள்யூ-2-வை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார், மறுநாள் ஃபார்ம் வந்தது, ரீஃபண்டும் வந்தது. மூன்று வருடம் இப்படியே ஓடியது. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவர், ஊரில் பேங்க் கணக்கு இருக்கிறதா என்று கேட்கவில்லை.

2021-இல் கல்யாணம் ஆனதும், மனைவியோடு சேர்த்துப் போட வேண்டுமே என்று ஒரு என்ரோல்டு ஏஜென்டிடம் போனேன். ஐ.ஆர்.எஸ். என்கிற அமெரிக்க வரித் துறையின் தேர்வு எழுதி உரிமம் வாங்கிய வரி ஆலோசகர்களுக்கு அந்தப் பெயர். அந்த அம்மா முதலில் கேட்டதே, "இந்தியாவில் எந்தெந்த பேங்கில் உங்கள் பெயர் இருக்கிறது?" என்றுதான். பிறகு என் பழைய ரிட்டர்னைப் பிரித்து இரண்டு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். ஒன்று, வட்டி வருமானத்தைக் காட்டுகிற ஷெட்யூல் பி-யின் மூன்றாம் பகுதி: வெளிநாட்டில் கணக்கு இருக்கிறதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக். இன்னொன்று கடைசிப் பக்கம்: தயாரித்தவர் பெயரும், பணம் வாங்கி வரி போடுகிறவருக்கு ஐ.ஆர்.எஸ். தரும் பி-டின் எண்ணும் இருக்க வேண்டிய கட்டத்தில் 'செல்ஃப் பிரிப்பேர்டு', அதாவது நானே போட்டது என்று. பணம் வாங்கிக்கொண்டு செய்தவர் கையெழுத்தே போடவில்லை. பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்ற வாசகத்துக்குக் கீழே இருந்தது என் கையெழுத்து மட்டும். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அன்றிரவே அப்பாவுக்கு போன் போட்டேன். "இத இன்னாத்துக்குடா இப்ப கேக்கற?" என்றார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. மஞ்சப் பையிலிருந்து பாஸ்புக்கையும் எஃப்.டி. ரசீதுகளையும் எடுத்து, தேதி, வட்டி, மீதி என்று பைசா விடாமல் படித்தார். முப்பது வருடம் கணக்கு எழுதியவர். கடைசியில், "யாராச்சும் என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடா" என்றார்.

விஷயம் இதுதான். குடியிருப்பாளர் ஆகிவிட்டால் ஊரில் வருகிற வட்டிக்கும் அமெரிக்காவில் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் சம்பாதித்ததை ஊரில் போட்டு வைக்கிற என்ஆர்இ டெபாசிட்டின் வட்டிக்கு வரி இல்லை என்று நம் பேங்கில் சொல்வது இந்திய வரியை மட்டும்தான். இந்தியாவில் பிடித்த வரியை 1116 ஃபார்ம் போட்டு அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளலாம். இது போக, வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும் 'எஃப்பார்' என்ற அறிக்கை கொடுக்க வேண்டும். அது ரிட்டர்னோடு போகாது, ஃபின்சென் என்ற வேறு அலுவலகத்துக்கு ஆன்லைனில் தனியாகப் போகிறது. அதற்குக் கட்டணமும் இல்லை, வரியும் இல்லை. ஜாயின்ட் கணக்கில் இருப்பது முழுக்க அப்பா பணமானாலும், உங்கள் பெயர் இருக்கிறதே, முழுத் தொகையையும் காட்ட வேண்டும். பிபிஎஃப் வரும். சரண்டர் மதிப்புள்ள எல்.ஐ.சி. பாலிசி வரும். நிலம், வீடு, லாக்கர் நகை வராது. வாடகை வந்தால் மட்டும் அது வருமானம். மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் 8621 என்று ஒரு ஃபார்ம் இருக்கிறது, அதை நீங்களே போடப் பார்க்காதீர்கள்.

தெரியாமல் செய்த தவறுக்கே சட்டத்தில் 10,000 டாலர் வரை அபராதம் எழுதியிருக்கிறது, விலைவாசியோடு அதுவும் ஏறுகிறது. அது ஒவ்வொரு கணக்குக்கும் அல்ல, ஒவ்வொரு வருட அறிக்கைக்கும்தான் என்று 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் அதுவரை போகவில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்து, மூன்று வருட ரிட்டர்னைத் திருத்தி, விட்டுப்போன எஃப்பார்களைப் போட்டு, 5 சதவீத அபராதம் கட்டுகிற 'ஸ்ட்ரீம்லைன்டு' வழியில் தீர்த்தேன். பாக்கி வரி, வட்டி, அபராதம், அந்த அம்மாவின் கட்டணம் எல்லாம் சேர்த்து 4,000 டாலருக்கு மேல். வருடம் 80 டாலரில் முடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்த வேலை.

அப்புறம், நீங்களே போடுவதா, கொடுப்பதா? ஒரே கம்பெனி, ஒரே டபிள்யூ-2, வருடம் முழுக்க அங்கேயே இருந்தீர்கள், ஊரில் சின்ன சேமிப்புக் கணக்கு மட்டும் என்றால் நீங்களே போடுங்கள். இரண்டு மாலை வேலைதான். ஆனால் பாதி வருடத்தில் போய் இறங்கிய முதல் வருடம், கல்யாணம் ஆன வருடம், ஊரில் எதையாவது விற்ற வருடம், இவற்றுக்கு என்ரோல்டு ஏஜென்டோ, அந்த ஊர் ஆடிட்டரான சிபிஏவோ வேண்டும். ஊர்க் கணக்கைப் பற்றி அவரே கேட்கிறாரா என்று பாருங்கள். கையெழுத்தும் பி-டின் எண்ணும் போடுகிறாரா என்று பாருங்கள். ரீஃபண்டில் சதவீதம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆபீஸ் வேலையாகக் கார் ஓட்டினதையெல்லாம் செலவாக எழுதி ரீஃபண்டை ஏற்றித் தருகிறேன் என்பவரிடமும் அப்படியே. சம்பளக்காரர் அந்த மாதிரிச் செலவைக் கழிப்பது 2018-லேயே நின்றுவிட்டது.

கிளம்புவதற்கு முன் இங்கேயே முடிக்க வேண்டிய வேலை ஒன்று. பேங்க், கிளை, கணக்கு எண், யார் யார் பெயர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எதிலெல்லாம் உங்கள் பெயர் இருக்கிறது என்று அம்மா அப்பாவை உட்காரவைத்துக் கேளுங்கள். சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். வரி பிடிக்காமல் இருக்க நாம் கொடுக்கிற 15ஜி ஃபார்மை வெளிநாட்டில் இருப்பவர் கொடுக்கக் கூடாது, அதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள். பேங்க் தரும் வட்டிச் சான்று ஏப்ரல் முதல் மார்ச் வரை. அமெரிக்காவுக்கு வேண்டியது ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதனால் சான்று போதாது, ஸ்டேட்மென்ட் வாங்கி மாதம் மாதமாகக் கூட்ட வேண்டும்.

அந்த வேலையை இப்போது அப்பா எடுத்துக்கொண்டார். பொங்கல் முடிந்த வாரம் கோடு போட்ட தாளில் பச்சை மையில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார். வருடத்தில் அதிகமாக இருந்த தொகைக்குக் கீழே இரண்டு கோடு. நேற்று ராத்திரி எதிர்வீட்டுப் பையனுக்கும் ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்து, "உங்க தாத்தா உன் பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல இன்னாவோ போட்டாரே, அதையும் கேட்டு எழுது" என்றார். பையனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.