டிஸ்க் ஷெட்யூலரில் ரெஃபரன்ஸ் கவுண்ட் கோளாறு: கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியின் பில்லிங் கணினி, படகுகள் டோக்கன் போட்டுக் கிளம்புகிற நேரம் பார்த்து உறைந்து நின்றுவிடும். பழைய ஹார்ட் டிஸ்க், பிஎஃப்கியூ (BFQ) ஷெட்யூலர், அதாவது டிஸ்க்கை எந்த புராசஸ் (ஓடும் நிரல்) எப்போது பயன்படுத்தலாம் என்று வரிசைப்படுத்தும் பகுதி, விற்றவர்கள் கைவைத்து மாற்றிய லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி). ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஐஸுக்கும் வேலை இல்லை. அப்போதுதான் கணினி என் கைக்கு வந்தது.

பிஎஃப்கியூ ஒவ்வொரு புராசஸுக்கும் தனி வரிசை வைத்திருக்கும். அந்த வரிசையை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்பதே ரெஃபரன்ஸ் கவுண்ட். படகை நாலு பேர் கயிறு பிடித்து நிறுத்தியிருந்தால் கடைசி ஆள் விட்ட பிறகுதான் அது நகரலாம், அதே கணக்குதான். ஒரே ஆள் இரண்டு முறை விட்டதாக எண்ணிவிட்டால், இன்னொருவர் பிடித்திருக்கும்போதே அந்த வரிசையின் நினைவகம் விடுவிக்கப்பட்டுவிடும். இந்தக் கணினி உறைந்ததும் இதனால்தான்.

முதலில், நிஜ டிஸ்க்கில் சோதிக்காதீர்கள். அதே கெர்னலை கேசான் (KASAN, நினைவகத்தைத் தவறாகத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் கருவி) சேர்த்து கம்பைல் செய்து, கியூஎமு (QEMU) என்ற மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுங்கள். எட்டில் ஒரு பங்கு நினைவகத்தை கேசான் எடுத்துக்கொள்ளும், கொடுத்துவிடுங்கள். அப்புறம் எஃப்ஐஓவில் (fio, டிஸ்க்குக்குச் சுமை கொடுத்துச் சோதிக்கும் நிரல்) பல புராசஸ்களை ஓடவிட்டு, கூடவே ஷெட்யூலரை பிஎஃப்கியூவுக்கும் ‘நன்’னுக்கும் (none, ஷெட்யூலரே இல்லாத நிலை) மாற்றி மாற்றி வையுங்கள். கேசான் கத்தும்போது மூன்று தடங்கள் தரும்: தொட்டது யார், ஒதுக்கியது யார், விடுவித்தது யார். நான் எப்போதும் மூன்றாவதைத்தான் முதலில் படிப்பேன்.

இனிமேல்தான் பலரும் மாட்டிக்கொள்கிற இடம். கவுண்ட் ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் ஒரு பதிவு வரி அச்சிட வேண்டும், ஆனால் கெர்னல் வழக்கமாக அச்சிடும் பிரிண்ட்கே (printk) வேண்டாம். அது வேகத்தைக் குறைக்கும், நேரம் மாறியதும் கோளாறே ஒளிந்துகொள்ளும். நினைவகத்திலேயே வேகமாகக் குறித்துவைக்கும் டிரேஸ் பிரிண்ட்கேதான் (trace_printk) சரி. வரிசையின் நினைவக முகவரியை மட்டும் அச்சிட்டாலும் போதாது. கேசான் இல்லாத கெர்னலில், விடுவித்த முகவரி உடனேயே அடுத்த வரிசைக்குப் போய்விடும், இரண்டு வரிசைகளின் கணக்கும் ஒன்றாகக் கலந்து எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். வரிசை உருவாகும்போதே ஒரு தொடர் எண் கொடுத்து, அதையும் அச்சிடுங்கள்.

இந்தக் கெர்னலில் கோளாறு இருந்தது வரிசைகளை இணைக்கும் இடத்தில். டிஸ்க்கில் அருகருகே உள்ள செக்டர்களை (சிறு பகுதிகளை) கேட்கும் இரண்டு புராசஸ்களை பிஎஃப்கியூ ஒரே வரிசையில் சேர்க்கும். மாற்றியவர்கள் பழைய வரிசையின் கவுண்டைக் குறைத்தார்கள், அந்த வரிசையின் முகவரியைக் காட்டும் பாயிண்டரை அப்படியே விட்டுவிட்டார்கள். புராசஸ் முடியும்போது அதே பாயிண்டர் வழியாக மறுபடியும் குறைந்தது. லாக்கைப் (வேறு யாரும் இடையில் மாற்றாதபடி காக்கும் பூட்டு) பிடித்தபடியே முதலில் பாயிண்டரை புதிய வரிசைக்கு மாற்றுங்கள், பிறகு கவுண்டைக் குறையுங்கள். குறைத்த பின் அந்த வரிசையின் எந்தப் புலத்தையும் படிக்காதீர்கள். பிஎஃப்கியூவில் இந்தக் கவுண்ட் வெறும் முழு எண், கீழே போனால் தானாக எச்சரிக்காது, ஆகவே பூஜ்யத்துக்குக் கீழே போகிறதா என்று ஒரு வார்ன்-ஆன் (WARN_ON, தவறு நடந்தால் எச்சரிக்கும் வரி) வைத்துவிடுங்கள்.

கவுண்டைக் கூடுதலாக ஒரு முறை ஏற்றிவிட்டால் கேசான் வாயை மூடிக்கொள்ளும்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், நினைவகம் கசியத் தொடங்கும். எஃப்ஐஓவை நிறுத்திய பிறகு, கெர்னல் ஒதுக்கிய நினைவகத் துண்டுகளைக் காட்டும் ஸ்லாப் பட்டியலில் பிஎஃப்கியூ வரிசைகளின் எண்ணிக்கை இறங்குகிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: ஸ்லாப் பட்டியலில் அந்தப் பெயரே வரவில்லை என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஒரே அளவுள்ள ஸ்லாப்களைக் கெர்னல் சேர்த்துவிடும். கணினி கிளம்பும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் பூட் வரியில் ஸ்லாப்-நோமெர்ஜ் (slab_nomerge) கொடுத்தால் தனியாக வரும்.