'நான் யார்' என்று தேடும் வயது: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பதினொண்ணுல என்ன குரூப்?" பிள்ளை வாய் திறப்பதற்குள் அப்பாவோ அம்மாவோ முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்கள். "பயோ-மேத்ஸ். டாக்டருக்குத்தான் படிக்க வைக்கப் போறோம்." பிள்ளையும் தலையாட்டும். பதினைந்து வயதிலேயே எவ்வளவு தெளிவு என்று வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தெளிவை அப்படியே நம்பிவிடுவதுதான் இந்த வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்கிற முதல் தவறு. பெரிய தவறும் அதுதான்.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-ல் வெளியிட்ட ஆய்வுக்காகக் கல்லூரி மாணவர்களிடம் தொழில், மதம், அரசியல் பற்றிப் பேட்டி எடுத்தார். ஒவ்வொருவரிடமும் அவர் பார்த்தது இரண்டைத்தான். பல வழிகளை யோசித்துப் பார்த்திருக்கிறாரா? ஏதாவது ஒன்றை உறுதியாகப் பிடித்திருக்கிறாரா? அதை வைத்து நான்கு நிலைகளைப் பிரித்தார். தேடவும் இல்லை, எதையும் பிடிக்கவும் இல்லை என்பது ஒன்று. இன்னும் தேடிக்கொண்டிருப்பது இன்னொன்று. தேடிப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்துகொண்டது மூன்றாவது. தேடாமலேயே, பெரியவர்கள் கொடுத்ததை வாங்கித் தன்னுடையதாக்கிக்கொண்டது நான்காவது. மூன்றாவதும் நான்காவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும். இருவருமே "நான் இதுதான்" என்று உறுதியாகச் சொல்வார்கள். ஆனால் நெருக்கடியான சோதனை ஒன்றைக் கொடுத்தபோது தேடித் தேர்ந்தவர்கள் அதிக நேரம் விடாமல் முயன்றார்கள், தங்களால் எட்டக்கூடிய இலக்கை வைத்துக்கொண்டார்கள். தேடாமல் முடிவானவர்கள் எட்ட முடியாத உயரத்தில் இலக்கு வைத்தார்கள்.

நீட் தேர்வில் ஒரு முறை மதிப்பெண் குறைந்ததும் "இனி நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று சுருண்டுவிடும் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும். 'டாக்டர்' என்பதைத் தவிர வேறு எந்த 'நானும்' அந்தப் பிள்ளையிடம் இருந்திருக்காது.

மார்சியாவின் ஆய்வுக்கு அடிப்படை போட்டவர் எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர். 1902-ல் ஜெர்மனியில் பிறந்தவர். அம்மா டென்மார்க் நாட்டு யூதர், வளர்ப்புத் தந்தை குழந்தை மருத்துவர். மகனும் தன்னைப் போல மருத்துவராக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. எரிக்சன் ஓவியம் கற்கப் போனார், சில வருடங்கள் ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றினார். உயரமாக, வெளிர் முடியோடு இருந்ததால் யூதர்கள் நடுவே அந்நியனாகவும், பள்ளியில் யூதனாகவும் பார்க்கப்பட்டவர். பின்னாளில் 'எரிக்சன்' என்ற குடும்பப் பெயரைக்கூட அவரே வைத்துக்கொண்டார். பதின்ம வயதின் மையச் சிக்கலே 'நான் யார்' என்ற அடையாளக் கேள்விதான் என்று அவர் எழுதியதற்குப் பின்னால் இந்த அனுபவங்கள் எல்லாம் இருக்கின்றன. இந்த வயதில் முடிவைத் தள்ளிப்போட்டு, பல பாத்திரங்களைப் போட்டுப் பார்க்கச் சமுதாயம் அவகாசம் தர வேண்டும் என்பது அவருடைய முக்கியமான வாதம்.

சரி, கடன் வாங்கிப் படிக்க வைக்கிற வீட்டில் "நிதானமாத் தேடு" என்று சொல்வது அவ்வளவு சுலபமா? இல்லைதான். ஆனால் தேடலுக்கு ஐரோப்பாவைச் சுற்ற வேண்டியதில்லை. டாக்டராகணும் என்று சொல்லும் பெண்ணை, தெரிந்த நர்ஸ் ஒருவரோடு ஒரு மணி நேரம் பேச விடலாம். காமர்ஸ் படிக்கிற பக்கத்து வீட்டு அண்ணனிடம், பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போன அக்காவிடம் கேட்கச் சொல்லலாம். "இந்த வேலையில தினமும் என்ன செய்வாங்கன்னு நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருக்கலாம். எல்லாவற்றையும் பார்த்த பிறகு பிள்ளை மறுபடியும் பயோ-மேத்ஸையே எடுத்தாலும் நல்லதுதான். அது இப்போது அந்தப் பிள்ளையின் முடிவு.

அடுத்த தவறு, "வீட்டுல ஒரு மாதிரி, வெளியில ஒரு மாதிரி நடிக்கிற" என்று குற்றம் சாட்டுவது. நண்பர்களோடு ஓயாமல் பேசுகிற பையன் வீட்டில் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் பெற்றோருக்கு வலிக்கும், அது புரிகிறது. சூசன் ஹார்ட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் பதின்ம வயதினரைத் தங்களைப் பற்றியே விவரிக்கச் சொன்னார்: அம்மாவோடு நீ எப்படி, நண்பரோடு எப்படி, வகுப்பில் எப்படி? ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு சித்திரம் வந்தது. 14, 15 வயது வாக்கில்தான் அந்த முரண்கள் அவர்களை அதிகம் குழப்பின. "சிரிக்கிறவன் நானா, எரிந்து விழுகிறவன் நானா?" என்று அவர்களே திணறுகிறார்கள். வயது கூடக் கூட, "நண்பர்களோடு கலகலப்பு, புது ஆட்களிடம் கூச்சம், இரண்டும் நான்தான்" என்று தன்னைப் பற்றிய படத்தைச் சேர்த்துக்கட்டப் பழகிவிடுகிறார்கள். அந்த வேலை பாதியில் இருக்கும்போது 'நடிப்பு' என்று முத்திரை குத்தினால், தன்னைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள்.

முத்திரை என்றதும் சொந்தக்காரர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். கல்யாண மண்டபத்தில் பத்துப் பேர் நடுவே "என்னடி, இப்படிக் கறுத்துட்ட?", "என்னப்பா, குண்டாயிட்ட?" என்று கேட்பதை நாம் விசாரிப்பு என்று நினைக்கிறோம். இது பிள்ளைக்குச் செய்கிற கொடுமை என்று நான் நினைக்கிறேன். ஹார்ட்டர் படிப்பு, விளையாட்டு, நட்பு, தோற்றம் என்று தனித்தனியாகக் கேட்டு அளந்தபோது, ஒட்டுமொத்தத் தன்மதிப்போடு மிக நெருக்கமாக இணைந்திருந்தது தோற்றத்தைப் பற்றிய எண்ணம்தான். போதாததற்கு, எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு இந்த வயதில் தீவிரமாக இருக்கும். உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-ல் இதைக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று வர்ணித்தார். தெருவே தன் முகப்பருவைப் பார்க்கிறது என்று நினைக்கிற பிள்ளையிடம் போய், அத்தை உண்மையாகவே பத்துப் பேர் முன்னால் அதைச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்போது பெற்றோர் சிரித்து மழுப்பக்கூடாது. "அவ நல்லாத்தான் இருக்கா அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றினாலே போதும், தன் பக்கம் ஆள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கண்டிக்க வேண்டியது இருந்தால் அதையும் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறு, புகழ்ந்து தள்ளினால் தன்மதிப்பு வளர்ந்துவிடும் என்று நம்புவது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1986-ல் இதற்கென்றே அரசுக் குழு அமைத்தது. தன்மதிப்பை உயர்த்தினால் குற்றம், போதை, பள்ளியில் தோல்வி எல்லாம் குறையும் என்ற நம்பிக்கை. ஆனால் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் சகாக்களும் ஆய்வுகளைத் தொகுத்து 2003-ல் வெளியிட்ட கட்டுரை, தன்மதிப்பு கூடுவதால் படிப்பு உயர்வதில்லை, நன்றாகப் படிப்பதால்தான் தன்மதிப்பு ஓரளவு கூடுகிறது என்றது. எப்படிப் புகழ்கிறோம் என்பதும் முக்கியம். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1998-ல் வெளியிட்ட சோதனைகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். "நீ புத்திசாலி" என்று பாராட்டு வாங்கியவர்கள், அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்றதும் "நல்லா முயற்சி பண்ணின" என்று பாராட்டு வாங்கியவர்களைவிடச் சீக்கிரம் சோர்ந்தார்கள். எடுத்த மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னதும் அவர்களில்தான் அதிகம். புத்திசாலி என்ற பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே! "மூணு தடவை போட்டுப் பார்த்துத்தான் இந்தக் கணக்கைப் பிடிச்ச, பார்த்தேன்" என்று நடந்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றி ஒன்று. பிளஸ் டூ முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-ல் தமிழ்நாடு அரசு நிறுத்தியது. அரசே நிறுத்திய பட்டியலை நாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடாமல் நடத்திக்கொண்டிருக்கிறோம். பிள்ளை கேட்காமல் அதன் மதிப்பெண்ணை எங்கும் பதிவிடாதீர்கள், அதிகமாக எடுத்திருந்தாலும்.

இந்த ஒப்பீடு பிள்ளைகளின் செல்போனிலும் நடக்கிறது. ஆனால் செல்போனைப் பிடுங்குவதால் மட்டும் எதுவும் சரியாகாது. யாரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பலன் தரும்.

கடைசித் தவறு, "உன் வாழ்க்கை, உன் இஷ்டம்" என்று முழுதாக ஒதுங்கிவிடுவது. தேட விடுவது வேறு, கைவிடுவது வேறு. வீட்டுக்கு வரும் நேரம், படிப்பு, பணம் பற்றிய கட்டுப்பாடுகள் இருக்கட்டும், காரணமும் சேர்த்துச் சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் மாறிப்போனால், பிடித்த நண்பர்களையே தவிர்த்தால், "நான் இல்லாட்டி யாருக்கும் நஷ்டமில்லை" என்பது போலப் பேசினால், வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். பேசப் பிள்ளை தயங்கினால், பெற்றோரே முதலில் கூப்பிட்டு இதை எப்படித் தொடங்குவது என்று கேட்கலாம்.